ஆற்றுக்காரருக்குப் பூஜ்யம், கப்பல்காரருக்கு 45,000

கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் மீனின் வரத்து அலாஸ்காவில் குறைகிறது என்று எந்தச் செய்தி வந்தாலும் கீழே கருத்துகளில் இரண்டே வசனம்தான். "இழுவைப் படகுகளை மொத்தமாகத் தடை செய்" என்கிறது, வேறு மீனுக்கு விரித்த அவற்றின் வலையில் சால்மனும் சிக்குவதால் கோபப்படும் ஒரு கூட்டம். "எல்லாம் பருவநிலை மாற்றம், படகுகளைக் குறை சொல்லாதே" என்கிறது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலாஸ்காவுக்கு மேற்கே உள்ள பெரிங் கடலில் இந்தப் படகுகள் தேடிப் போவது பொல்லாக் மீனை. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் மீன் பர்கருக்குள் இருப்பது அதுதான். நண்டுக் குச்சி என்று விற்கும் பண்டத்திலும் இதை அரைத்துச் சேர்ப்பார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 13 லட்சம் டன் பிடிக்கிறார்கள். அதில் வேறு மீன் 1 சதவீத அளவில்தான் சிக்குகிறது என்பது கம்பெனிகளின் பெருமை. சதவீதத்தில் பேசினால் எதையும் சின்னதாக்கிவிடலாம். 2007-இல் அந்தச் சின்ன சதவீதத்துக்குள் சினூக் என்ற வகை சால்மன் 1,20,000-க்கும் மேல் கிடந்தன. டன் கணக்கில் பொல்லாக் அழுத்தும் மடிக்குள், அதாவது வலையின் கடைசிப் பைக்குள், மாட்டிய சால்மன் பிழைப்பது அரிது. அதை விற்கவும் கூடாது, சட்டம் அப்படி. உணவு வங்கிக்குக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் செத்த மீனாகக் கடலுக்கே போகும்.

இதைத் தடுக்க வலையிலேயே ஒரு வழி உண்டு. சால்மன் பொல்லாக்கைவிடப் பலமாக நீந்தும். இழுபடும் வலைக்குள் பொல்லாக் சீக்கிரம் களைத்து, தண்ணீரின் போக்கிலேயே பின்னால் போய் மடியில் விழுந்துவிடும். சால்மன் எதிர்த்து நின்று பார்க்கும். வலை குறுகும் இடத்தில் உள்ளே ஒரு வலைத் தடுப்பைத் தைத்து, ஓட்டம் மந்தமாகும் அந்த மறைவில் மேல்பக்கமாக ஒரு வாசல் விட்டால், சால்மன் முன்னோக்கி ஏறி வெளியே போய்விடும். ஓரிகன் பக்கம் ஹேக் மீன் வலைகளில் இப்படிப்பட்ட வாசல்களில் எல்இடி விளக்கு பொருத்திப் பார்த்தார்கள். தப்பிய சினூக்கில் பெரும்பகுதி வெளிச்சமான வாசல் வழியாகவே போனது. இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் இது.

ஆனால் வலையில் வாசல் வைத்ததால் மட்டும் எண்ணிக்கை இறங்கிவிடவில்லை. ஒவ்வொரு மீனையும் எண்ண ஆரம்பித்ததுதான் பெரிய மாற்றம் என்பேன். 2011-இல் பெரிங் கடல் பொல்லாக் படகுகளுக்கு ஆண்டுக்கு 60,000 சினூக் என்று உச்சவரம்பு வந்தது. சிக்கும் மீனைக் கண்காணிக்க ஒவ்வொரு படகிலும் ஒரு பார்வையாளர். கப்பலிலோ கரையிலுள்ள ஆலையிலோ பெல்ட்டில் ஓடும் பொல்லாக் நடுவிலிருந்து சால்மனைப் பொறுக்கித் தனியாக வைக்க வேண்டும். பார்வையாளர் ஒன்றுவிடாமல் எண்ணுவார், பத்து சினூக்குக்கு ஒன்றிலிருந்து சிறு துண்டு வெட்டி மரபணுச் சோதனைக்கு அனுப்புவார். எந்தப் படகு எவ்வளவு பிடித்தது என்பது மற்ற கேப்டன்களுக்கும் தெரிந்துவிடும். அப்புறம் எந்தக் கேப்டன் சால்மன் கூட்டமுள்ள இடத்தில் வலை விரிப்பார்? 2021 முதல் 2023 வரை எந்த ஆண்டும் 15,000-ஐத் தொடவில்லை. ஆறுகளிலேயே மீன் குறைந்ததும் இதற்கு ஒரு காரணம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

படகுக்குப் படகு பொறுப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2024 செப்டம்பரில் அலாஸ்கா வளைகுடாவில் நடந்ததைப் பார்க்கலாம். கோடியாக் தீவுப் பக்கம் இரண்டு படகுகள் ஒரே வார இறுதியில் சுமார் 2,000 சினூக்கை வாரிவிட்டன. மொத்தப் படகுகளுக்கும் பொதுவான வரம்பு நிரம்பியது, எல்லாருக்கும் தொழில் நின்றது. ஒழுங்காக ஓட்டியவருக்கும் அதே தண்டனை.

சரி, ஆற்றுக்கு வருவோம். யூக்கான், கஸ்கோக்விம் ஆறுகளின் கரைகளில் யூபிக், அதபாஸ்கன் பழங்குடி மக்களுக்குக் கோடையில் சினூக்கைக் கீறி, தொங்கவிட்டு, புகைபோட்டு எடுத்து வைப்பதுதான் குளிர்காலச் சாப்பாடு. 2024-இல் அலாஸ்காவும் கனடாவும் யூக்கான் சினூக்கை ஏழு ஆண்டுகளுக்குப் பிடிப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. சடங்குகளுக்குச் சிறு விதிவிலக்கு தவிர, வீட்டுச் சமையலுக்குக்கூட இல்லை.

இந்தச் சரிவுக்குப் படகுகள் முழுக் காரணம் இல்லை. கடல் சூடானது, சினூக்கின் இதயத்தைத் தாக்கும் ஒட்டுண்ணி பரவியது. சம் என்ற இன்னொரு வகை சால்மனை எடுத்தால், 2021-இல் 5 லட்சத்துக்கும் மேல் வலையில் சிக்கியது, ஆனால் மரபணுச் சோதனைப்படி அதில் மேற்கு அலாஸ்கா ஆறுகளுக்குரியது பத்தில் ஒரு பங்கு அளவுதான். பெரும்பகுதி ஆசியப் பக்கத்து மீன்கள். படகுக்காரர் இதைச் சொல்லும்போது பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கே சுமார் 50,000 மீன். அதே கோடையில்தான் யூக்கானில் வீட்டுக்குப் பிடிக்கவும் விடவில்லை. சம் வகைக்கு அப்போது கடலில் உச்சவரம்பே கிடையாது.

மொத்தத் தடை கேட்பவர்களும் ஒன்றைப் பார்க்க வேண்டும். பொல்லாக் ஒதுக்கீட்டில் 10 சதவீதம் மேற்கு அலாஸ்காவின் 65 கடலோர ஊர்களுக்கானது. வேலை, படிப்பு உதவி என்று அந்தப் பணம் ஊருக்குள் வருகிறது. மூடினால் அங்கேயும் அடி விழும். யூக்கானின் மேல்பகுதி ஊர்களுக்கோ அந்தப் பங்கும் இல்லை.

என் கோபமெல்லாம் வரம்பின் மேல்தான். 2016-இல் திருத்திய விதிப்படி, ஆற்றில் வரத்து மோசமான ஆண்டுகளில் சினூக் வரம்பு 45,000 ஆக இறங்கும். நிஜத்தில் சிக்குவது 15,000-க்குள் என்றால், அதைப் போல மூன்று மடங்கு உயரத்தில் நிற்கும் வரம்பு யாரைக் கட்டுப்படுத்துகிறது? படகுகள் ஏற்கெனவே செய்து காட்டிய அளவுக்கே அதைக் கொண்டுவந்து வைக்கட்டும். முடியாது என்று அவர்களாலேயே சொல்ல முடியாதே. ஆனால் இதை முடிவு செய்யும் வட பசிபிக் மீன்வள மேலாண்மைக் கவுன்சிலில் ஓட்டுள்ள 11 இடங்களில் பழங்குடிகளுக்கென்று ஒதுக்கியது ஒன்றுகூட இல்லை. அவர்கள் நீண்ட தூரம் பயணித்து வந்து, கொடுத்த சில நிமிடத்தில் பேசிவிட்டு, ஓட்டெடுப்பைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.