பூப் பார்க்கப் போய் முதுகு பார்த்த கதை

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் முதுகுப் பையில் ஒரு கரடி பொம்மை தொங்கிக்கொண்டிருந்தது. இடது காதில் தையல் விட்டு, பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது. வயிற்றில் ஏதோ காய்ந்த கறை. 1 மணி 20 நிமிடம் அந்தக் கரடியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணாந்தால் மலை, மலை முழுக்க 30,000 சகுரா மரம், அதாவது ஜப்பானியச் செர்ரிப் பூ மரம், என்கிறார்கள். இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். எனக்கு வாய்த்தது கரடி.

யோஷினோ மலையைத்தான் சொல்கிறேன். ஜப்பானில், ஒசாகாவுக்குத் தென்கிழக்கே, நாரா பக்கம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம், “மலை நிறையப் பூ காட்டுகிறேன்” என்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அம்மாவுக்கு 68 வயது. முட்டிவலி வேறு.

சனிக்கிழமை பார்த்தா போவார்கள் என்று கேட்பீர்கள். வேறு வழி? ஜப்பானில் எல்லாமே ஏப்ரல் 1-ல்தான் தொடங்குகிறது. பள்ளிக்கூடம் திறப்பது, கம்பெனிக் கணக்கு தொடங்குவது, புதுசாகச் சேருகிறவர்கள் கறுப்பு கோட்டு போட்டுக்கொண்டு வரிசையாக வந்து நிற்பது, எல்லாம் அதையொட்டித்தான். அந்த நேரத்தில் போய் மேலாளரிடம் லீவு கேட்டால் அவர் முடியாது என்று சொல்லமாட்டார். தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்றை இழுப்பார். அவ்வளவுதான், கதை முடிந்தது. பூவும் ஏப்ரலில்தான் பூத்துத் தொலைக்கிறது. ஆக, ஒசாகா, கியோட்டோ, கோபே என்று மூன்று ஊர் ஜனமும் ஒரே சனிக்கிழமையில் ஒரே மலைக்குக் கிளம்புகிறது.

ரயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வந்தேன். அம்மாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் எழுந்து இடம் கொடுத்தான், நன்றாக இருப்பான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பஸ்ஸுக்கு வரிசை. ‘வரிசையின் வால் இங்கே’ என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெரியவர் நிற்கிறார். வால் நீள நீள அவரும் பின்னாலேயே நடக்கிறார். நாங்கள் அவரைப் பிடிக்க நடந்தால், அதற்குள் இன்னும் 20 பேர் சேர்ந்து அவர் இன்னும் தள்ளிப் போயிருப்பார். ரோப்வே ஒன்றும் இருக்கிறது. 1929-லிருந்து இருப்பது, ஜப்பானில் இன்றும் இருப்பவற்றில் ஆகப் பழையது. அங்கே நின்ற கூட்டத்தைப் பார்த்தால், 1929-ல் டிக்கெட் எடுத்தவர்களே இன்னும் ஏறி முடிக்கவில்லையோ என்று தோன்றியது.

இதில் என் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. ஒருத்தர் இடிக்கவில்லை, ஒருத்தர் நடுவில் புகவில்லை. அந்தப் பலகைப் பெரியவர் என்னைப் பார்த்து மன்னிப்பு கேட்டுக் குனிகிறார், ஏதோ அவர்தான் அத்தனை பேரையும் கல்யாணத்துக்கு அழைத்த மாதிரி. நம் ஊராக இருந்தால், “சார், லைன்ல வாங்க” என்று ஆரம்பித்து ஒரு சண்டையாவது போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருக்கலாம். இங்கே அந்தக் கொடுப்பினையும் இல்லை. கோபம் வயிற்றுக்குள்ளேயே வெந்தது.

சரி, அங்கே கிடைக்காத ஆளை இங்கே பிடிக்கிறேன். முதல் குற்றவாளி, ‘முழுசாகப் பூத்துவிட்டது’ என்று செல்போனில் வந்த அந்தச் செய்தி. வானிலைத் துறைக்காரர்கள் ஊருக்கு ஒரு மரத்தை வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். ஒசாகாவுக்கு அந்த மரம் ஒசாகா கோட்டைத் தோட்டத்தில் நிற்கிறது. அதில் ஐந்தாறு பூ விரிந்தால் பூ தொடங்கிவிட்டது, 80 சதவீதம் விரிந்தால் முழுப் பூ. அந்த மரம் சொமெய் யோஷினோ என்ற வகை. அத்தனையும் ஒட்டுப்போட்டு வளர்த்தவை, ஒரே மரத்தின் நகல்கள். அதனால் ஓர் ஊரில் எல்லாம் ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் கொட்டும்.

யோஷினோ மலையில் இருப்பதோ பெரும்பாலும் யமாசகுரா, மலைச் சகுரா. விதையிலிருந்து வளர்வது, மரத்துக்கு மரம் தனிக் குணம். சொமெய் யோஷினோ என்ற பெயரில் யோஷினோ இருக்கிறதே என்றால், அது டோக்கியோவில் சொமெய் என்ற கிராமத்து நாற்றங்கால்காரர்கள் இந்த மலையின் பெயரைச் சொல்லி விற்ற மரம். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் ‘ஒரிஜினல் திருநெல்வேலி அல்வா’ என்று போர்டு தொங்குமே, அதே வியாபாரம்தான்.

அப்புறம் மலை நான்கு அடுக்கு. ஷிமோ செம்பொன், நாகா செம்பொன், காமி செம்பொன், ஓகு செம்பொன். தங்கம் என்று நினைத்துவிட வேண்டாம், அவர்கள் மொழியில் செம்பொன் என்றால் ஆயிரம் மரம். கீழாயிரம், நடுவாயிரம், மேலாயிரம், உள்ளாயிரம். ஏப்ரல் தொடக்கத்தில் அடிவாரத்தில் பூக்க ஆரம்பித்து, மாதக் கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். இந்த மலைக்கு ‘முழுசாகப் பூத்துவிட்டது’ என்று ஒரு தேதி எப்படிச் சொல்ல முடியும்? எந்த ஆயிரம் பூத்தது என்று கேட்காமல் கிளம்பிப் போனது என் புத்தி. நாங்கள் போன அன்று கீழாயிரம் கொட்டி முடிந்து இலை விட்டிருந்தது. மேலாயிரம் அப்போதுதான் மொட்டு உடைத்துக்கொண்டிருந்தது. நடுவாயிரத்தில் கொஞ்சம் பூவும் நிறைய மனிதர்களும்.

இரண்டாவது குற்றவாளி, படம் போடுகிறவர்கள். ஐயா, அம்மா, யமாசகுரா வெள்ளைப் பூ. போனால் போகிறது என்று லேசாக ஒரு ரோஸ் நிறம் இருக்கும். பூவோடு கூடவே செம்பழுப்பில் இலையும் துளிர்க்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மலை மேல் புகை படிந்த மாதிரி இருக்கும், அதுதான் அதன் அழகு. அதை இழுத்துப் பிடித்துப் பஞ்சுமிட்டாய் நிறத்தில் தோய்த்துப் போடுகிறீர்களே, உங்களுக்கு என்ன வந்தது? அந்தப் படத்தைக் காட்டித்தான் அம்மாவைக் கூட்டிப் போனேன். அம்மா மரத்தை நிதானமாகப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். “ஏல, முருங்கை பூத்தா இப்படித்தாம்ல இருக்கும்.” நான் என்ன பதில் சொல்ல?

யோஷிமிசு கோயில் பக்கத்தில் ஓர் இடம் உண்டு, ‘ஒரே பார்வையில் ஆயிரம் மரம்’ என்று பெயர். நான் ஒரே பார்வையில் பார்த்தது 11 கேமரா முக்காலி. ஒரு ஜோடி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. அவள் திரும்பி நிற்பாள், அவன் எடுப்பான், அவள் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், மறுபடி முதலிலிருந்து. அம்மா அவர்கள் தோளுக்கு இடையில் எட்டி எட்டிப் பார்த்தாள். நான் எடுத்த ஒரே படத்தில் முக்கால்வாசி யாரோ ஒருவரின் நீல ஜாக்கெட் முழங்கை.

அதைவிடக் கொடுமை, ஒரு மகானுபாவர் கிளையைப் பிடித்து வளைத்து மூக்கோடு மூக்காகப் படம் எடுத்தது. சகுராவை வெட்டுகிறவன் முட்டாள், பிளம் மரத்தை வெட்டாதவன் முட்டாள் என்று இந்த ஊரில் பழமொழியே உண்டு. சகுராவுக்குக் காயம் பட்டால் அந்த இடத்திலிருந்து அழுக ஆரம்பிக்கும். அதுவும் இது அழகுக்காக நட்ட தோப்பில்லை. எந்நோ கியோஜா என்ற மலைத்துறவி சகுரா மரத்தில்தான் ஸாவோ கோங்கென் சாமியைச் செதுக்கினார் என்று ஐதீகம். அந்த நம்பிக்கையில் வேண்டுதலுக்கு வந்தவர்கள் நூற்றுக்கணக்கான வருடங்களாகக் கன்று கன்றாகக் கொடுத்துச் சேர்ந்த காடு. கோயில் மரத்தைப் பிடித்து உலுக்குகிறாரே என்று எனக்குப் பதறியது. சொல்லவில்லை. நானும் இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டேன் போல, பல்லிடுக்கில் காற்றை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

1594-ல், அப்போது ஜப்பானை ஆண்ட டொயோடோமி ஹிதேயோஷி 5,000 பேரைக் கூட்டிக்கொண்டு இங்கே பூப் பார்க்க வந்தாராம். மூன்று நாள் விடாத மழை. கடுப்பாகி, மழையை நிறுத்தாவிட்டால் மலையையே கொளுத்திவிடுவேன் என்று சாமியார்களை மிரட்டினார் என்று கதை. சின்ன வயதாக இருந்தால் என்ன அராஜகம் என்று நினைத்திருப்பேன். கழிப்பறை வரிசையில் அம்மா 40 நிமிடம் நின்றபோது, ஹிதேயோஷி பக்கமும் ஒரு நியாயம் இருப்பதாகவே பட்டது. ஆனால் 5,000 பேரோடு கிளம்பும் வழக்கத்தைத் தொடங்கி வைத்த புண்ணியவானே அவர்தானே என்று அப்புறம்தான் உறைத்தது.

சாப்பாடும் தப்பவில்லை. காக்கினோஹா சூஷி வாங்கினேன், அயிலை மீனும் வினிகர் கலந்த சோறும் சீமைப் பனிச்சை (பெர்சிமன்) இலையில் சுற்றியது. அம்மாவுக்குப் பிடித்துப்போய் ஆறு சாப்பிட்டாள், அந்த நாளின் ஒரே வெற்றி. சரி, இலையையும் பெட்டியையும் எங்கே போட? மலை முழுக்கத் தேடினேன், குப்பைத்தொட்டி கண்ணில் படவில்லை. அவரவர் குப்பை அவரவர் வீட்டுக்கு, அதுதான் இந்த நாட்டு வழக்கம். கடையில் கேட்டால் சிரித்துக்கொண்டே குனிகிறார்கள். பையில் கட்டிக்கொண்டு இறங்கினேன். திரும்பும் ரயிலிலும் நின்றுகொண்டுதான். கைப்பிடியில் என் கையோடு சேர்ந்து அந்தப் பையும் ஆடியது, பக்கத்தில் இருந்தவர் மெதுவாக மூக்கைத் திருப்பிக்கொண்டார்.

எரிகிற குப்பை எடுக்க எங்கள் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமைதான் வண்டி வரும். இன்று ஞாயிறு. சமையலறை முழுக்க அயிலை வாடை.