ஆத்தங்கரையில ஆயிரம் மொழி

காலையில குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல சித்தப்பா ஒரு ஃபார்வர்ட் போட்டிருந்தார். "840 மொழி பேசும் ஒரே நாடு!" கீழே தலையில இறகு சொருகின ஒருத்தர் போட்டோ, அதுக்கும் கீழே காரணம்: பெரிய மலை, அடர்ந்த காடு, இந்தப் பள்ளத்தாக்குல இருக்கறவனுக்கு அந்தப் பள்ளத்தாக்கு தெரியாது, அதனால ஆளாளுக்கு ஒரு மொழி ஆயிடுச்சாம். பப்புவா நியூ கினியாவுல 1 கோடி பேருக்கு சுமார் 840 மொழிங்கறது நிஜம்தான், பக்கத்துல இந்தோனேசியா கையில இருக்கற நியூ கினி தீவோட மேற்குப் பாதியையும் சேர்த்தா அந்த ஒரே தீவுல ஆயிரத்தைத் தாண்டும். ஆனா அந்தக் காரணம் இருக்கே, அதைப் பார்த்தாலே எனக்கு சுர்ருனு வருது.

மேப்பை எடுத்து வச்சுப் பாருங்க. உசரமான மலைங்க நடுவுலதான் பெரிய மொழிங்க இருக்கு. எங்கா மொழியை 2 லட்சம் பேருக்கு மேல பேசுறாங்க, ஹூலி, மெல்பா எல்லாம் அதே மலைப் பக்கம்தான், அந்த ஊர் கணக்குக்கு இதெல்லாம் ராட்சச மொழிங்க. துண்டு துண்டா சிதறிக் கிடக்கறது எங்கன்னா செபிக் ஆத்துப் பக்கமும் வடக்குக் கரையோரமும். அங்க ஓடத்துல ஏறி உக்காந்தா அடுத்த ஊர் வந்துடும். போக்குவரத்து இருக்கற இடத்துலதான் மொழி ஜாஸ்தி! இப்ப மலையை என்ன பண்றது?

இன்னொரு குழப்பம், "பப்புவா மொழிக் குடும்பம்"னு ஒண்ணு இருக்கற மாதிரி எல்லாரும் எழுதறாங்க. அப்படி ஒரு குடும்பமே கிடையாது. 1890-கள்ல சிட்னி ரே-ன்னு ஒருத்தர், அந்தப் பக்கத்து மொழிங்கள்ல சிலது மத்த தீவு மொழிங்களோட ஒத்துப்போகலைன்னு பிரிச்சு வச்சார். இன்னைக்கும் அதான் அர்த்தம்: ஆஸ்ட்ரோனேசிய மொழியும் (மலாய், ஹவாய் மொழியெல்லாம் சேர்ந்த தீவு மொழிக் குடும்பம்) இல்ல, ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியும் இல்லையா, போடு இந்த டப்பாவுல. பிரிண்டர் கேபிள், பழைய சாவி, தீர்ந்துபோன பேனா எல்லாம் கிடக்கற டிராயர் மாதிரி. அதுக்குள்ள டஜன் கணக்குல குடும்பம், எந்தக் குடும்பத்துலயும் சேராத தனி மொழி வேற. 40,000 வருஷத்துக்கு மேல மனுஷங்க வாழ்ற இடம். சொற்களை ஒப்பிட்டு உறவு கண்டுபிடிக்கறதெல்லாம் 8,000, 10,000 வருஷம் வரைக்கும்தான் தாங்கும், அதுக்கு முன்னாடி போனா எல்லாமே புகைமூட்டம்.

இதுல இருக்கறதுலயே பெருசு டிரான்ஸ் நியூ கினி குடும்பம். 1970-ல மெக்எல்ஹனன், வோர்ஹூவ்னு ரெண்டு பேர் முன்வச்சாங்க, அப்புறம் மால்கம் ராஸ் "நான்", "நீ" மாதிரியான பிரதிப்பெயர்களை வச்சு சலிச்சு எடுத்தார், எந்தெந்த மொழி உள்ளே எது வெளியேன்னு சண்டை இன்னும் ஓயலை. அதோட மூல மொழியில "நான்"-க்கு "நா"ன்னு சொல்லியிருப்பாங்கன்னு மீட்டெடுத்து வச்சிருக்காங்க. உடனே குமரிக்கண்டம்னு கமெண்ட் போட ஓடி வராதீங்க, "நீ"-க்கு "க". இப்ப என்ன செய்வீங்க? ஒரு எழுத்து ஒத்துப்போனா சொந்தம்னா உலகத்துல எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான்தான்.

நிஜமாவே நமக்கு ஒரு தொடர்பு வேணும்னா பிரியாணியில போடற கிராம்பை எடுத்துக்கோங்க. ஒரு காலத்துல அது கிழக்கு இந்தோனேசியாவுல டெர்னாட்டே, டிடோரே மாதிரி கைவிரல் விட்டு எண்ணக்கூடிய தீவுகள்ல மட்டும்தான் விளைஞ்சது. அந்த ரெண்டு தீவு சுல்தான்களும் பேசினது பப்புவா டப்பாவுல வர்ற மொழிங்கதான். இறகு போட்டோ போடறவங்க கண்ணுக்கு இந்த சுல்தான்லாம் தெரியறதே இல்ல.

சரி, மலை இல்லேன்னா வேற எதுதான் காரணம்? ஒரு பெரிய பங்கு மனுஷங்களோட வீம்புங்கறேன் நான். ஹுவான் தீபகற்பத்துல செலெபெட்னு ஒரு மொழி. அதைப் பேசற ஒரு கிராமத்துக்காரங்க, பக்கத்து ஊர்ல இருந்து நாம வித்தியாசமாத் தெரியணும்னு கூட்டம் போட்டு, "இல்ல"ங்கறதுக்கு அதுவரைக்கும் சொல்லிட்டிருந்த "பியா"வை விட்டுட்டு இனிமே "புங்கே"ன்னு முடிவு பண்ணினாங்க. கூட்டம் போட்டு! போகெய்ன்வில் தீவுல பூயின் மொழியோட ஒரு கிளையில ஆண்பால் எல்லாம் பெண்பால், பெண்பால் எல்லாம் ஆண்பால், அப்படியே தலைகீழ். இது தனிமையில தானா நடக்கற காரியமா? பக்கத்து ஊர்க்காரன் எப்படிப் பேசறான்னு நல்லாத் தெரிஞ்சாதானே அதுக்கு நேர்மாறா பேச முடியும். அக்கம்பக்கத்து மொழி ரெண்டு மூணு தெரிஞ்சவங்க அங்க சர்வசாதாரணம், அதனால யாரும் தன்னோடதை விட்டுக்கொடுக்க அவசியம் வரலை. ஆங்கில வார்த்தைகளை வச்சு உருவாகி அந்த நாட்டுக்கே பொது மொழியான டோக் பிசின்ல நம்மாளுங்கறதுக்கு "வான்டோக்"னு சொல்வாங்க, ஒரே பேச்சுக்காரன்னு அர்த்தம்.

அந்த டோக் பிசின்தான் இப்ப எல்லாத்தையும் விழுங்கிட்டு வருது. செபிக், ராமு ரெண்டு ஆத்துக்கும் நடுவுல கபுன்னு ஒரு கிராமம், அவங்க மொழி தயாப், எந்தக் குடும்பத்துலயும் சேராதது. டான் குலிக்னு ஒரு மானிடவியல்காரர் 1980-கள்ல அங்க தங்கிப் பார்த்தப்போ 10 வயசுக்குக் கீழ ஒரு பிள்ளைகூட தயாப் பேசலை. யாரும் தடை போடலை, அடிக்கலை. தோட்ட வேலைக்குப் போன ஆம்பளைங்க டோக் பிசினைக் கத்துட்டு வந்தாங்க, அது கெத்தா இருந்தது. அம்மாக்கள் பிள்ளைகிட்ட தயாப்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு அடுத்ததை டோக் பிசின்ல சொல்றாங்க. ஏன் உங்க பிள்ளைங்க தயாப் பேசறதில்லைன்னு கேட்டா, நாங்க என்ன பண்றது, அதுங்கதான் பிடிவாதம் பிடிச்சு பேச மாட்டேங்குதுன்னு பிள்ளைங்க மேலயே பழியைப் போட்டாங்களாம்.