பத்து இருக்கணும், ஒன்பதுதான் இருந்துச்சு

இன்னைக்கு ரெண்டாம் வகுப்புல 52லேருந்து 27ஐக் கழிக்கிற பாடம். ரெண்டுல ஏழு போகாது. கணக்குப் பெட்டியில ஒண்ணைக் குறிக்கிற சின்ன ஒண்ணுக்கட்டையும், அதுல பத்துக்குச் சமமான நீளக் கோலும் இருக்கு. அந்தக் கோல்ல ஒண்ணைக் குடுத்துட்டு, பத்து ஒண்ணுக்கட்டையா மாத்திக்கணும். "கடன் வாங்குறது"ன்னு வாயால நூறு தடவை சொல்றதை விட, இதைக் கையால ஒரு தடவை செஞ்சா போதும், பிள்ளைங்களுக்குப் பிடிபட்டுரும்.

ஒரு பொண்ணு மட்டும் 25க்குப் பதிலா 24ன்னே சொன்னா. மூணு தடவை செஞ்சும் 24. "ஒழுங்கா எண்ணு"ன்னு நானும் குரலை உசத்திட்டேன். கடைசில பக்கத்துல உக்காந்து பார்த்தா, நான் பத்துப் பத்தா போட்டு வச்ச பையில ஒன்பதுதான் இருக்கு. டீச்சர் குடுத்த பையில பத்து இருக்கும்னு அந்தப் பிள்ளை நம்பிட்டா. அதுக்குள்ள மணி அடிச்சிருச்சு. அவ முகம் சுண்டிப்போனது கண்ணை விட்டுப் போகல.

எனக்கு வயிறு எரியுது. 32 பிள்ளைங்க, ரெண்டு பேருக்கு ஒரு செட்டுன்னு 16 செட்டு. ஒவ்வொண்ணுலயும் 5 கோல், 12 ஒண்ணுக்கட்டை. மொத்தம் 192 கட்டை, ஒவ்வொண்ணும் ஒரு சென்டிமீட்டர்! பெஞ்சுக்கு அடியில, பென்சில் டப்பாவுல, சட்டைப் பையில எங்கெல்லாமோ போகுது. பிள்ளைங்களைச் சொல்லிக் குத்தமில்ல, கையில கட்டை கிடைச்சா கோபுரம் கட்டத்தான் தோணும். 40 நிமிஷ பீரியட்ல பையைக் குடுத்து வாங்கவே கால் மணி நேரம் போயிருது. எண்ணிச் சரிபார்க்குறது யாரு? எப்போ? மதியச் சாப்பாட்டு நேரத்துல தரையில மண்டி போட்டு நான்தான் பொறுக்குறேன். அது வேலைன்னே யாரும் கணக்குல எடுக்குறதில்ல.

துண்டுகளைச் சேர்த்து உருவம் செய்யுற டேன்கிராம் இன்னும் மோசம். ஏழு துண்டுல இணைகரம் ஒண்ணே ஒண்ணுதான், அது தொலைஞ்சா எல்லாத் துண்டும் சேர்ந்து வர்ற பெரிய சதுரம் சேரவே சேராது. பின்னம் சொல்லிக் குடுக்குற வட்டத்துல ஒரு கால் துண்டு போச்சுன்னா, நாலு கால் சேர்ந்தா ஒரு முழுசுன்னு எதை வச்சுக் காட்டுறது? தயாரிக்கிறவங்க நாலு உதிரித் துண்டு சேர்த்துப் போட்டா என்ன?

இத்தனைக்கும் மேல, "தொலைஞ்சா நீங்கதான் பொறுப்பு"ன்னு ஒரு வார்த்தை. அதுக்குப் பயந்தே பல வகுப்புல பெட்டியைப் பிரிக்காம பீரோவுல வச்சுப் பூட்டிடுறாங்க. அந்த டீச்சர்ங்க மேல எனக்குக் கோபமே இல்ல. வருஷக் கடைசியில எண்ணிக்கை சரியா இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு, எத்தனை பிள்ளை தொட்டுச்சுன்னு கேக்காதவங்க மேலதான் கோபம். கட்டை பிள்ளைங்க கையில புழங்கினா தொலையத்தான் செய்யும். அதைச் சாக்பீஸ் தேயுற மாதிரி எடுத்துக்கோங்க. வாரத்துக்கு ஒரு பீரியட் சரிபார்க்கன்னு ஒதுக்குங்க, நானும் பிள்ளைங்களும் சேர்ந்தே எண்ணிடுறோம். பத்துப் பத்தா அடுக்கி எண்ணுறதும் கணக்குதானே!

நாளைக்கு முதல் வேலையா, அந்தப் பையில இருந்ததுக்கு 24தான் சரியான விடைன்னு எல்லார் முன்னாலயும் அவகிட்ட சொல்லணும்.