'சுல்தானாவின் கனவு': ஆங்கிலம் ரொக்கேயாவுடையதுதான்

வங்காள எழுத்தாளர் பேகம் ரொக்கேயா பற்றி மேலே ஒருவர், "'சுல்தானாவின் கனவு' கதையை அவர் வங்காளத்தில் எழுதினார், கணவர்தான் ஆங்கிலமாக்கினார்" என்று போட்டிருக்கிறார். அது தவறு.

கணவர் சகாவத் உசேன் வெளியூர் போயிருந்தபோது, பொழுது போகாமல் ரொக்கேயா நேராக ஆங்கிலத்திலேயே எழுதிய கதை அது. திரும்பி வந்த மனிதர் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே முழுதும் படித்துவிட்டு, "பயங்கரமான பழிவாங்கல்!" என்றாராம். ஆண்களை வீட்டுக்குள் அடைத்துவிட்டுப் பெண்கள் நாடாளும் கதை, பாவம், வேறென்ன சொல்வார்! 1905இல் அது அச்சேறியது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய ஆங்கிலப் பெண்கள் பத்திரிகையில்.

சரி, ஆங்கிலம் எப்படி வந்தது? இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பக்கம் பைராபந்தில், பிறந்த வீட்டில், வீடே தூங்கிய பிறகு மெழுகுவத்தி வெளிச்சத்தில் அண்ணன் இப்ராகிம் சொல்லிக்கொடுத்தது. அந்த வீட்டில் பெண்பிள்ளை வங்காளம் படிப்பதற்கே எதிர்ப்பு.

கணவருக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. எழுதத் தூண்டினார், பெண்கள் பள்ளிக்கென்று பணமும் ஒதுக்கினார். 1909இல் அவர் இறந்த பிறகு பாகல்பூரில் 5 மாணவிகளோடு ரொக்கேயா பள்ளியைத் தொடங்கினார்; 1911இல் கல்கத்தாவில் மறுபடி தொடங்கியபோது 8 பேர். கதை மட்டும் முழுக்க ரொக்கேயாவுடையது.