மிலானில் முடிவெடுத்தவர்கள் யார்?

காது கேளாதவர்களின் வரலாற்றைக் காட்டும் ஒரு நாடகத்தைப் பற்றி, "1880 மிலான் மாநாட்டில் காது கேளாதவர்களே கூடி, சைகை மொழி வேண்டாம் என்று முடிவு செய்தார்கள், நாடகத்தில் காட்டும் ஒடுக்குமுறை மிகை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. அது இத்தாலியின் மிலான் நகரில், காது கேளாதோர் கல்வியைப் பற்றி நடந்த சர்வதேச மாநாடு. அங்கே கூடிய 160-க்கும் மேற்பட்டவர்களில் காது கேளாதவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். யாருடைய மொழியோ, அவர்களிடம் கேட்கவே இல்லை.

சைகை வேண்டாம், பேச்சுதான் வேண்டும் என்று அங்கே எடுத்தது சட்டம் இல்லை, தீர்மானம்தான். சரி. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளி பள்ளியாகச் சைகையை விரட்டினார்கள். காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பிள்ளைகள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார வேண்டும். வாயால் பேசக் கற்க, ஆசிரியரின் தொண்டையில் விரல் வைத்து, அதிர்வைத் தொட்டுப் பார்த்து, 'ப'வையும் 'ம'வையும் பிரித்துச் சொல்லப் பழக வேண்டும். உதட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்! இதிலேயே மணிக்கணக்காகப் போனால் கணக்கும் வரலாறும் எப்போது படிப்பது? அப்படியும் விடுதி அறைகளில் ஒளிந்து ஒளிந்து அந்தப் பிள்ளைகள்தான் மொழியைக் காப்பாற்றினார்கள். மேடையில் கை கட்டப்பட்ட குழந்தை வந்தால், அது கற்பனை இல்லை.

அப்புறம், அதே மாநாட்டுத் தொடர் 2010-ல் கனடாவின் வான்கூவரில் கூடியபோது, 1880 தீர்மானங்களை நிராகரித்து, விளைந்த கேட்டுக்கு வருத்தமும் தெரிவித்தது.