விழா மலர் போடப் போகிற கமிட்டிக்காரர்களுக்கு

நாகர்கோவிலில் கோயில் கொடை (ஊர்க் கோயில் திருவிழா), சர்ச் நூற்றாண்டு, பள்ளிக்கூடப் பவளவிழா, வாசகசாலை ஆண்டுவிழா என்று எது நடந்தாலும் ஒரு மலர் வருகிறது. வழவழப்பான தாள், வண்ண அட்டை, பாதிக்கு மேல் விளம்பரம், நடுவில் 'நமது ஊர் வரலாறு' என்று நாலு பக்கம். அந்த நாலு பக்கத்தை வடசேரி மலரிலிருந்து உருவி இடலாக்குடி மலரில் வைத்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சேரர், பாண்டியர், வேணாடு, மார்த்தாண்ட வர்மா, 1956 இணைப்பு, அவ்வளவுதான். அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்து செத்துப்போன ஒரு மனிதர் பெயர்கூட இருக்காது.

அரசர் வரலாறு எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு தெருவின் வரலாற்றை அந்தத் தெருக்காரர்கள் எழுதாவிட்டால் வேறு எவரும் எழுதப் போவதில்லை. அதற்கான சரக்கு முழுவதும் வீட்டுப் பெட்டியிலும், கோயில் சுவரிலும், சர்ச் பதிவேட்டிலும் இருக்கிறது. எடுத்துப் படிக்கும் முறைதான் பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் ஆண்டுக் கணக்கு. அச்சான மலர்களில் அதிகம் தப்பு வருவது இங்கேதான். திருவிதாங்கூர்க் காலத்துக் கல்வெட்டு, ஆதாரம் (சொத்துப் பத்திரம்), நோட்டீஸ் எல்லாவற்றிலும் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக்க '825 கூட்டினால் போதும்' என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி சரி. கொல்லம் ஆண்டு ஆவணியில் (மலையாளத்தில் சிங்ஙம்) பிறக்கிறது. ஆவணி ஒன்று முதல் டிசம்பர் 31 வரை வரும் தேதிக்கு 824 கூட்ட வேண்டும். ஜனவரி முதல் ஆடி முடிய 825. எல்லாச் சாதியாருக்கும் கோயிலைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேச விளம்பரத்தின் (அரச அறிவிப்பின்) தேதி 1112 துலாம் 27. துலாம் என்பது நம் ஐப்பசி. 824 கூட்டினால் 1936, அதாவது 1936 நவம்பர் 12. நாகர்கோவில் மணிக்கூண்டான மணிமேடை திறந்தது 1893 பிப்ரவரி 15. கொல்லம் கணக்கில் அது 1068 மாசி, அங்கே 825. மார்கழிதான் சிக்கல். அதன் முன்பாதி டிசம்பரிலும் பின்பாதி ஜனவரியிலும் விழும். நாள் இல்லாமல் 'மார்கழி மாதம்' என்று மட்டும் இருந்தால் இரண்டு ஆண்டையும் சேர்த்தே போடுங்கள். ஊகித்து ஒன்றை எழுதாதீர்கள்.

சரிபார்க்கக் கிழமையைப் போல உதவி வேறில்லை. பழைய நோட்டீசில் தேதியோடு கிழமையும் பெரும்பாலும் இருக்கும். 1936 நவம்பர் 12 வியாழக்கிழமை. தவறாக 825 கூட்டி 1937 என்று எடுத்தால் அதே தேதி வெள்ளிக்கிழமையாகிவிடும். கைபேசி நாட்காட்டியைப் பின்னால் தள்ளிப் பார்த்தாலே பிழை வெளியே வந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: மாதப்பிறப்பில் தமிழ்ப் பஞ்சாங்கமும் மலையாளப் பஞ்சாங்கமும் சில மாதம் ஒரு நாள் வேறுபடும். ஒரு நாள் தள்ளி வந்தால் பதற வேண்டாம்.

ஆயிரத்தை விட்டுவிட்டுப் பின்னிரண்டு எண்ணை மட்டும் சொல்லும் பழக்கமும் உண்டு. பெரியவர்கள் சொல்லும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' கொல்லம் 1099 ஆடி மாதத்தது, அதாவது 1924. இதை 1899 என்று அச்சில் ஏற்றினால் கால் நூற்றாண்டு நகர்ந்துவிடும். பிரபவ, விபவ ஆண்டுப் பெயர்களிலும் கவனம் வேண்டும். துன்முகி என்றால் 1956-57ஆகவும் இருக்கலாம், 2016-17ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். தமிழ் எண்ணில் இருந்தால் ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ௲௬௰௮ என்பது 1068. ௧ என்பதைக் 'க' என்றும், ௮ என்பதை 'அ' என்றும் எழுத்தாக வாசித்துவிட்டு, 'பொருள் விளங்கவில்லை' என்று கல்லையே ஒதுக்கிவிடுகிறார்கள்.

பணக் கணக்கும் இப்படித்தான். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய் என்றால் இருபத்தெட்டரை. மணிமேடை கட்டிய செலவாகச் சொல்லப்படும் 3258 ரூபாய் 9 சக்கரம் 12 காசை, புள்ளி வைத்து 3258.912 என்று எழுதக் கூடாது. அந்த 9 சக்கரம் 12 காசு கிட்டத்தட்ட ரூபாயில் மூன்றில் ஒரு பங்கு. நன்கொடைப் பட்டியல் கிடைத்தால் சக்கரமும் காசுமாகவே அச்சிடுங்கள். நாலு சக்கரம் கொடுத்தவர் யார், நூறு ரூபாய் கொடுத்தவர் யார் என்பதிலேயே தெருவின் நிலைமை தெரிந்துவிடும்.

அடுத்தது ஆதாரம். பழைய வீடு வைத்திருக்கிறவர்களிடம் மூலப்பத்திரத்தைக் கேளுங்கள். விலை நமக்கு முக்கியமில்லை. நான்கு எல்லைதான் முக்கியம். கிழக்கே இன்னாருடைய விளை (தோட்டம்), மேற்கே நடைபாதை, வடக்கே குளம், தெற்கே கோயில் வகைப் புரையிடம் (வீட்டு மனை) என்று இருக்கும். அடுத்தடுத்த ஏழெட்டு வீட்டின் ஆதாரங்களைச் சேர்த்து, ஒரே தாளில் எல்லைகளைப் பொருத்தி வரைந்தால் நூறு வருடத்துக்கு முந்தைய தெரு படமாக வந்துவிடும். இப்போது பேருந்து நிற்கிற இடத்தில் குளம் இருந்ததா என்கிற கேள்விக்கு அந்தப் படம் பதில் சொல்லும். ஆதாரங்கள் தமிழிலும் இருக்கும், மலையாளத்திலும் இருக்கும். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் இந்த மாவட்டத்தில் அருகிலேயே கிடைப்பார். 'பண்டாரவகை' என்று கண்டால் அது சர்க்கார் நிலம். 1865இல் பண்டாரப்பாட்ட விளம்பரம் வந்த பிறகுதான் அப்படிப்பட்ட நிலத்தின் குடியானவர்களுக்கு உடைமை உரிமை கிடைத்தது. 'சிறீபண்டாரவகை' என்றால் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குரியது. இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். கதவு எண்ணை நம்பி எழுதவே கூடாது. வார்டு பிரிப்பில் அது பலமுறை மாறியிருக்கிறது. நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆகி, இப்போது 52 வார்டு. வில்லங்கச் சான்று இணையத்தில் கிடைப்பது பிற்காலத்துக்கு மட்டும்தான். அதற்கு முன்னே போக வேண்டுமானால் பதிவு அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். எவருடைய ஆதாரத்தையும் மலரில் அப்படியே படம் பிடித்துப் போடாதீர்கள். நிலத் தகராறு ஏற்பட்டால் மலரே சாட்சியாக நிற்கும்.

சர்ச் பக்கம் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் உண்டு. பழைய கத்தோலிக்கப் பதிவேடுகள் இலத்தீனில் இருப்பதால் பங்குத்தந்தை துணை வேண்டும். கல்லறைக் கற்களை மழைக்காலம் முடிந்ததும் படம் எடுங்கள். பாசி ஏறிய கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

நம் ஊரில் யாரும் மதிக்காத புதையல் ஒன்று உண்டென்றால் அது கொடை நோட்டீஸ். கொடை முடிந்த மறுநாள் குப்பைக்குப் போய்விடுகிறது. ஒரு நோட்டீசில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்: மூன்று வகை ஆண்டு, தேதி, கிழமை, நிர்வாகிகள் பெயர், வில்லிசைக் குழு, மேளக்காரர், சமபந்தி நேரம், வரிதாரர் (கோயில் வரி கொடுப்பவர்) விவரம், அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும். இருபது ஆண்டு நோட்டீசை வரிசையாக வைத்தால் வில்லிசை எப்போது குறைந்தது, இன்னிசைக் கச்சேரி எப்போது நுழைந்தது, எந்த ஆண்டு கொடை நின்றது என்று ஒரே பார்வையில் தெரியும். எந்த ஆண்டு கொடை நடக்கவில்லையோ அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். வழக்கோ, தகராறோ, கொள்ளை நோயோ ஏதாவது இருக்கும்.

பெரியவர்களிடம் போய் 'எந்த வருஷம் தாத்தா?' என்று கேட்டால் வாயில் வந்த ஆண்டைச் சொல்வார்கள். அது அவர்கள் குற்றமில்லை. அதற்கு முன்னா, பின்னா என்று கேளுங்கள். தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. விவேகானந்தர் மண்டபம் திறந்தது 1970. திருவனந்தபுரத்திலிருந்து ரயில் வந்தது 1979, திருநெல்வேலிப் பாதை திறந்தது 1981. சுனாமி 2004. 'குளத்தை மூடினது ரயில் வந்த பிறகா?' என்று கேட்டால் பதில் பத்து வருட எல்லைக்குள் வந்து நிற்கும். ஆண்களிடம் மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள். எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுத்தார்கள், எந்தப் பாதையில் போகக் கூடாது என்றிருந்தது என்பதையெல்லாம் ஆச்சிகளிடம்தான் கேட்டு அறிய முடியும்.

அந்தப் பாதை விஷயத்தை மறைக்காதீர்கள். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. 1859இல் விளம்பரம் வந்துதான் அது ஓய்ந்தது. சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. இவை எதுவும் நடக்காதது போல 'அனைத்துச் சமூகத்தினரும் ஒற்றுமையாக வாழ்ந்த ஊர்' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். இது பாட்டன் பூட்டன் பட்ட பாட்டை அழிப்பதற்குச் சமம். எந்தத் தெருவில் யார் இருந்தார்கள், யார் எதுவரை வரலாம் என்றிருந்தது, எப்போது மாறியது என்று பெயரைச் சுட்டி யாரையும் இழிவுபடுத்தாமல் எழுத முடியும். எழுத வேண்டும்.

கல்வெட்டு விஷயத்தில் அவசரம் உண்டு. நாகராஜா கோயிலில் தீர்த்தங்கரர் உருவங்களும், குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்ற சமணப் பெரியோரைக் குறிக்கும் 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளும் இருப்பது வெளியே தெரிந்தது, கல் கல்லாகவே விடப்பட்டதால். சின்னக் கோயில்களில் கும்பாபிஷேகத் திருப்பணி என்றதும் மணல் வீச்சு அடிக்கிறார்கள், எனாமல் பூசுகிறார்கள், அடித்தளத்தில் டைல்ஸ் ஒட்டுகிறார்கள், தரையை உயர்த்தி முதல் இரண்டு வரியைப் புதைத்துவிடுகிறார்கள். திருப்பணி தொடங்கும் முன் ஒரு இரவு போதும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம், அளவு தெரிய ஒரு ஸ்கேல். சாக்பீஸ், எண்ணெய், மாவு எதையும் தேய்க்க வேண்டாம். வட்டெழுத்தாக (பழைய தமிழ் எழுத்து முறை) இருந்தால் நீங்களாக வாசிக்காமல் தெரிந்தவரிடம் படத்தைக் கொடுங்கள்.

கிடைத்த தாள்களை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. உள்ளே தாள் மெல்லப் பழுத்து நொறுங்கும். செல்லோடேப்பும் வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர், ஈரமும் புத்தகப்பூச்சியும் சும்மா விடாது. தாளை 300 டிபிஐ, புகைப்படத்தை 600 டிபிஐ ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய பெயரும் அங்கேதான் இருக்கும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்; டாக்குமெண்டாக அனுப்புங்கள். அசலை உரியவரிடம் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு தாள் தொலைந்தால் அந்தத் தெருவில் அடுத்த பெட்டி திறக்காது.

மலர் அச்சானதும் மேடையில் விநியோகித்தது போக நாலைந்து பிரதி ஒதுக்கி வையுங்கள். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒன்று, சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒன்று, இத்தகைய அச்சுப் பொருட்களைப் பாதுகாக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒன்று. உள் அட்டையில் ஆண்டு, மாதம், தொகுத்தவர் பெயர், அச்சகம் நான்கும் கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொரு செய்திக்கும் கீழே அது கல்லா, ஆதாரமா, நோட்டீசா, வாய்மொழியா என்று ஒரு சொல் போடுங்கள்.