அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்

ஒரு பள்ளி மாணவியைக் கேலி செய்து மீமாகச் சுற்றுகிறதே, அந்த வகுப்புப் படத்தை நான் மறுபடி இங்கே போடப் போவதில்லை. நேற்றே எல்லாரும் பார்த்தாயிற்று. "எல்லாப் புள்ளையும் சிரிக்குது, இவ மட்டும் யாரை முறைக்கிறா?" என்ற ஒரு வரிக்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள்! மகளுக்கு மோபியஸ், அதாவது பிறவியிலேயே முகத்தை அசைக்க முடியாத நிலை, என்று அம்மாவே கீழே வந்து எழுதிய பிறகும் ஓயவில்லை.

அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள் ஐயா. முகம்தான் அசையாது.

ஜெர்மன் மருத்துவர் மோபியஸ் 1888-லேயே எழுதிவைத்த விஷயம் இது. மூளையிலிருந்து வரும் ஆறாவது, ஏழாவது நரம்புகள் பிறவியிலேயே வேலை செய்யாது. ஏழாவது நரம்பு இல்லாமல் சிரிப்பு, சுளிப்பு, சிமிட்டல் எதுவும் வராது. ஆறாவது இல்லாமல் கண் வெளிப்பக்கம் திரும்பாது. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கத் தலையையே திருப்ப வேண்டும். நீங்கள் முறைப்பு என்றீர்களே, அது இதுதான்.

உதடும் சேராது. 'ப', 'ம' இரண்டுக்கும் உதடு சேர்ந்தாக வேண்டும். நம் மொழியில் அம்மாவும் அப்பாவும் அந்த எழுத்துகளில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாக்கு நுனியை மேலுதட்டில் முட்டி, கேட்பவர் காதில் 'ம' போல விழும்படி பேச்சுப் பயிற்சியில் பழக்குவார்கள். அப்படிப் பழகிவந்து வகுப்பில் எழுந்து வாசிப்பவளை "வாயைத் திறந்து பேசு" என்று உட்கார வைக்கும் ஆசிரியர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

"எங்களுக்கு எப்படித் தெரியும்?" சரி, நியாயம். தெரிந்த பிறகும் ஏன் அழிக்கவில்லை?

"ஆபரேஷன் பண்ணிக்கலாமே?" அடடா, பல் பிடுங்குவது போலச் சொல்கிறீர்கள். உள்தொடையிலிருந்து ஒரு தசைத் துண்டை ரத்தக்குழாயோடும் நரம்போடும் எடுத்து, கன்னத்தில் பொருத்தி, மெல்லும் தசைக்குப் போகும் நரம்போடு இணைக்க வேண்டும். மைக்ரோஸ்கோப் வைத்துத் தைத்த குழாயில் ரத்தம் உறைந்தால் வைத்த தசை செத்துப்போகும். இரண்டு கன்னத்துக்கும் பெரும்பாலும் தனித்தனி அறுவை, நடுவே சில மாதங்கள். நரம்பு வளர்ந்து தசை துடிக்கவே மாதக்கணக்காகும். பிறகு கண்ணாடி முன் பல்லைக் கடித்துக் கடித்துப் பயிற்சி. ஆரம்பத்தில் கடித்தால்தான் வாயோரம் ஏறும். இவ்வளவுக்கும் சிமிட்டல் வராது, புருவம் அசையாது. சிலர் செய்துகொள்கிறார்கள், சிலர் வேண்டாம் என்கிறார்கள். அது அவர்கள் கன்னம். உங்கள் கேமராவுக்காக ஒரு பதினாலு வயதுப் பெண் தொடையை அறுத்துக்கொள்ள வேண்டுமா?

அடுத்த கூட்டம் இன்னும் மோசம். "தைரியசாலி, தன்னம்பிக்கை நட்சத்திரம்." பட்டம் யார் கேட்டார்கள்? மின்விசிறிக்கு நேர் கீழே அவளை உட்கார வைக்காதீர்கள், சிமிட்டாத கண் காய்ந்து கருவிழியில் புண் வரும். பாட நடுவே சொட்டு மருந்து போட விடுங்கள். ராத்திரி கண்ணில் களிம்பு தடவி, இமையை டேப் ஒட்டி மூடித் தூங்கி எழுந்து வரும் பிள்ளைகள் இவர்கள். அந்தத் தைரியத்துக்கு உங்கள் சான்றிதழ் தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் கேத்லீன் போகார்ட் என்ற உளவியல் பேராசிரியை, தானே மோபியஸோடு பிறந்தவர், இதைத்தான் ஆராய்கிறார். முகம் அசையாதவர்கள் குரலிலும் கையிலும் உடம்பிலும் சொல்கிறார்கள். பார்ப்பவர்கள் முகத்தை மட்டும் பார்த்து, சந்தோஷமில்லாதவர் என்று கணக்குப் போடுகிறார்கள்.

முழுப் படத்தையும் பாருங்கள். பக்கத்துத் தோழியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் தலைக்குப் பின்னால் இரண்டு விரலைக் கொம்பு மாதிரி தூக்கிப் பிடித்திருக்கிறாள். மீம் போட்டவர் அந்தக் கையை வெட்டிவிட்டுத்தான் முகங்களை மட்டும் போட்டிருக்கிறார்.